விறகைத் தட்டிப் பார்ப்போம்
(6 முதல் 10ஆம் வகுப்பு வரை: அறிவியல், கணக்கு, தமிழ், சமூக அறிவியல் இணைந்த வட்டாரச் சூழல் பாடம். தொடக்க வகுப்புகளுக்கான குறிப்பு இறுதியில் உள்ளது.)

கார்த்திகை மாதத்து அடைமழை நாள். முதல் பாடவேளை பாதி கடந்தபின் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறை வாசலில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. சீருடையில் புகை வாடை. ஏன் தாமதம் என்று கேட்டேன்.

"அடுப்புப் பத்தவே இல்ல டீச்சர். விறகெல்லாம் நமுத்துப் போச்சு. அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. நான்தான் ஊதி ஊதிப் பார்த்தேன்."

அன்று நான் நடத்திக்கொண்டிருந்தது எரிதல் பாடம். எரிபொருள், காற்று, எரிவெப்பநிலை என்று மூன்றையும் கரும்பலகையில் எழுதி, மூன்றும் இருந்தால் எரியும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். அவளிடம் எரிபொருள் இருந்தது, காற்று இருந்தது, தீக்குச்சியும் இருந்தது. ஆனாலும் எரியவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "முருங்கக் கட்டையா இருக்கும் டீச்சர். சீமைக்கருவைன்னா பச்சையாவே எரியும்." சொன்னவன் வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன். அவன் வீட்டார் கரிமூட்டம் போடும் வேலைக்குப் போகிறவர்கள். எந்தக் கட்டை கனக்கும், எது பொசுங்கும், எது கரி பிடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் சொன்னது சரியா, சரியென்றால் ஏன் என்று கண்டறிய அந்தப் பருவம் முழுவதும் அறிவியல் மன்ற நேரத்தைச் செலவிட்டோம். அந்தச் செயல்பாடுகளையே இங்கே தொகுத்துத் தருகிறேன். எரிவாயு இணைப்பு பெருகியிருந்தாலும், உருளை தீர்ந்த நாளிலும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் விறகை நம்பும் வீடுகள் இன்னும் பல. அந்த வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
– வன்கட்டை, மென்கட்டை, வைரக்கட்டை, சாற்றுக்கட்டை ஆகியவற்றை வேறுபடுத்துவர்;
– ஒழுங்கற்ற வடிவமுள்ள கட்டையின் அடர்த்தியைக் கண்டறிவர்;
– விறகின் ஈரப்பதத்தைக் கணக்கிட்டு, அதனால் இழக்கும் வெப்பத்தை மதிப்பிடுவர்;
– விறகை உலர்த்தவும் அடுக்கவும் சரியான முறையைக் காரணத்துடன் விளக்குவர்;
– புகையின் தீங்கையும், எரிக்கக் கூடாத பொருள்களையும் அறிந்து வீட்டில் எடுத்துச் சொல்வர்.

கெட்டி மரம் என்றால் என்ன?

இந்தக் கேள்விக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள். மூன்றும் சரிதான். வகுப்பில் முதலில் இதைப் பிரித்துக் காட்டிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

தாவரவியலாளர் மூடுவிதைத் தாவரங்களின் கட்டையை வன்கட்டை என்பார். திறந்தவிதைத் தாவரங்களான பைன், சைப்ரஸ் போன்றவற்றின் கட்டையை மென்கட்டை என்பார். வன்கட்டையில் நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் உண்டு. குறுக்குவெட்டில் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் சிறு துளைகளாகத் தெரியும். மென்கட்டையில் அந்தத் துளைகள் இல்லை. இந்த வரையறைப்படி நம் சமவெளியில் விறகாகும் மரங்கள் ஏறக்குறைய எல்லாமே வன்கட்டைதான். கையால் ஒடித்துவிடக்கூடிய முருங்கையும் வன்கட்டை, பஞ்சுபோல் கனமற்ற இலவமும் வன்கட்டை! ஊசி ஊசியாகத் தொங்கும் சவுக்கைப் பார்த்து மாணவர்கள் பைன் இனம் என்று நினைப்பார்கள். அதுவும் மூடுவிதைத் தாவரமே. நாம் இலை என்று நினைப்பது கணுக்கள் கொண்ட மெல்லிய பச்சைக் கிளை. ஒவ்வொரு கணுவையும் சுற்றியிருக்கும் நுண்ணிய செதில்களே அதன் இலைகள். ஒரு கிளையைக் கணுக் கணுவாக இழுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். எல்லா வயது மாணவரும் விரும்பிச் செய்வார்கள்.

இரண்டாவது பதில் நம் இலக்கணத்தில் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறத்தில் வைரம் உடையவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் வைரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. வைரத்தைக் குறிக்க அது ஆளும் சொல் காழ். பனை, தென்னை, மூங்கில் ஆகியவற்றின் உறுதி வெளிப்புறத்தில் இருக்கிறது. பனை, தென்னையின் நடுப்பகுதி சோறுபோல் மென்மையானது. புளி, வேம்பு, கருவேலம் ஆகியவற்றுக்கு உறுதி உள்ளே. இன்றைய தாவரவியல் ஒருவிதையிலை, இருவிதையிலை என்று பிரிக்கும் எல்லையை இந்தப் பாகுபாடு பெருமளவு ஒத்துப்போகிறது. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே பாடவேளையில் சேர்ந்து நிற்க ஏற்ற இடம் இது.

மூன்றாவது, விறகுக்கடைக்காரரின் பதில். அவருக்குக் கெட்டி மரம் என்றால் கனமான மரம். ஒரு கை அள்ளினால் நீண்ட நேரம் நின்று எரிய வேண்டும், கங்கு விழ வேண்டும். குறுக்குவெட்டில் நடுவே கருமையாகத் தெரியும் வைரக்கட்டையையும், சுற்றி வெளுத்திருக்கும் சாற்றுக்கட்டையையும் அவர் ஒரே பார்வையில் பிரித்தறிவார். சாற்றுக்கட்டையில் மாவுச்சத்து இருப்பதால் துளைக்கும் வண்டுகள் முதலில் அதைத்தான் தேடி வரும். வைரக்கட்டையில் படிந்துள்ள வேதிப்பொருள்கள் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கின்றன. முதியவர்களை வைரம் பாய்ந்த கட்டை என்று நாம் சொல்வது சும்மா அல்ல.

செயல்பாடு 1: கண், காது, கை

தேவையானவை: ஊரில் கிடைக்கும் ஐந்தாறு மரங்களின் ஒரு சாண் நீளத் துண்டுகள், கைலென்ஸ், சுண்ணக்கட்டி. துண்டுகளை விறகுக்கடையிலோ தச்சுப்பட்டறைக் கழிவிலோ பெறலாம். விழுந்து கிடக்கும் கிளைகளிலிருந்தும் எடுக்கலாம். இதற்காக எந்த மரத்தையும் வெட்டக்கூடாது. மரமறிந்த பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்தால் இன்னும் சிறப்பு. எங்கள் வகுப்பில் அந்தக் கடைசி வரிசை மாணவனின் தாத்தாதான் அன்றைய ஆசிரியர்.

ஒவ்வொரு துண்டுக்கும் எண் இட்டு, மாணவர்கள் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளட்டும்.

1. கனம்: ஒரே பருமனுள்ள இரு துண்டுகளை இரு கைகளில் ஏந்திப் பார்த்தல்.
2. ஓசை: இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுதல். காய்ந்த கெட்டி மரம் கணீரென்று ஒலிக்கும். ஈர மரம் தொப்பென்று அமுங்கும்.
3. முனை வெடிப்பு: காய்ந்த கட்டையின் வெட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆரம்போல் கீறல்கள் இருக்கும். மரம் காயும்போது ஆரத்தின் திசையைவிட வளையத்தின் திசையில் அதிகம் சுருங்குவதே காரணம்.
4. பட்டை: காய்ந்த கட்டையில் பட்டை தளர்ந்து உரிந்து வரும், பச்சைக் கட்டையில் இறுகப் பற்றியிருக்கும்.
5. நகக்கீறல்: சாற்றுக்கட்டையிலும் மென்மையான மரத்திலும் நகம் பதியும், வைரக்கட்டையில் பதியாது.
6. துளை: கூரிய கத்தியால் ஆசிரியர் சீவித் தந்த வெட்டு முகத்தை லென்ஸில் பார்த்து வரைதல்.

ஆறாவதற்கு ஒரு வேடிக்கையான துணைச் சோதனை உண்டு. விரல் நீளமுள்ள காய்ந்த துண்டின் ஒரு முனையில் சோப்பு நீர் தடவி, மறுமுனையில் வாய் வைத்து அழுத்தமாக ஊதினால், பல மரங்களில் நுண்குமிழிகள் வெளிவரும். மரம் திடப்பொருள்தான், ஆனால் அடைபடாத குழாய்களின் கட்டு என்பது அந்தக் குமிழியில் புரிந்துவிடும். நச்சற்றது என்று உறுதியாகத் தெரிந்த மரத்தை மட்டுமே இதற்குப் பயன்படுத்துங்கள்; வேம்பும் மாவும் போதும்.

செயல்பாடு 2: அடர்த்தி காணல்

விறகுத் துண்டுக்கு நீளம், அகலம், உயரம் ஒழுங்காக இருக்காது. ஆர்க்கிமிடிசின் தத்துவத்தைக் கொண்டு மின்னணுத் தராசிலேயே கன அளவைக் கண்டுபிடிக்கலாம்.

துண்டை எடை போட்டுக் குறிக்கவும். ஒரு பாத்திரத்தில் நீர் எடுத்துத் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்கவும். துண்டின் மேல் மெல்லிய கோணி ஊசியைக் குத்தி, பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் அழுத்தவும். தராசு காட்டும் கிராம் அளவே துண்டின் கன அளவு, கன செ.மீ.இல். இடம்பெயர்ந்த நீரின் எடைக்குச் சமமான விசை தராசை அழுத்துவதால் இப்படி வருகிறது. மரம் நீரை உறிஞ்சும் முன்பு விரைந்து அளந்துவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு துண்டின் எடை 180 கிராம், கன அளவு 200 கன செ.மீ. என்றால் அடர்த்தி 0.9. அதே கன அளவுள்ள வேறொரு துண்டு 60 கிராம்தான் என்றால் அடர்த்தி 0.3.

இனி மாணவர்களிடம் ஒரு கேள்வி. இரண்டையும் நன்கு காய வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எரித்தால் எது அதிக வெப்பம் தரும்? எல்லோரும் கனமான மரம் என்பார்கள். உண்மையில் முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ மரம், எந்த மரமானாலும், ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தருகிறது: கிலோவுக்குச் சுமார் 18 முதல் 20 மெகாஜூல். மரங்கள் அனைத்தும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றால் ஆனவை. செல்சுவர்ப் பொருளின் அடர்த்தி எல்லா மரத்திலும் ஏறத்தாழ 1.5தான். வேறுபடுவது உள்ளே இருக்கும் வெற்றிடம். 0.9 அடர்த்தியுள்ள மரத்தில் அறுபது விழுக்காடு கட்டை, நாற்பது விழுக்காடு வெற்றிடம். 0.3 அடர்த்தியுள்ள மரத்தில் இருபது விழுக்காடுதான் கட்டை. எனவே கெட்டி விறகு ஒரு சுமை செய்யும் வேலைக்கு மென்விறகு மூன்று சுமை வேண்டும். எடை போட்டு வாங்கும்போது மரத்தின் இனம் பெரிய வேறுபாடு ஆகாது; கட்டுக் கணக்கில் வாங்கும்போது ஆகும்.

இப்போது கடைசி வரிசை மாணவனின் கூற்றுக்கு வருவோம். நீர் தங்குவது அந்த வெற்றிடத்தில்தானே? 0.9 மரத்தில் ஒரு கன செ.மீ.க்கு அதிகம்போனால் 0.4 கிராம் நீர் தங்கலாம். மொத்த எடையில் அது சுமார் 31 விழுக்காடு. 0.3 மரத்தில் 0.8 கிராம் நீர் தங்கலாம். மொத்த எடையில் சுமார் 73 விழுக்காடு. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் வெட்டிய சில நாளில் சீமைக்கருவை எரிவதும், முருங்கை ஊதினாலும் எரியாததும் ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்தபோது வகுப்பு முழுவதும் திரும்பி அவனைப் பார்த்தது.

நம் ஊர் விறகுகள்

மாணவர்கள் தொகுக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ள ஒரு சுருக்கம்:

சீமைக்கருவை: கனமானது, கங்கு நன்றாக விழும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளில் கரியாக்குவது இதைத்தான். முள்ளில் கவனம் வேண்டும்.
கருவேலம், வெள்வேலம், உடை: இவையும் கெட்டி விறகு.
சவுக்கு: நேராக வளரும், எளிதில் அடுக்கலாம், நின்று எரியும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையில் இரயில் எஞ்சின்களுக்கு விறகாகவே சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. மெல்லிய மிலார் தீ மூட்ட ஏற்றது.
புளி: வைரம் மிகக் கடினம், பிளப்பது சிரமம். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுவது நல்லது.
வேம்பு, மா: நடுத்தரம். நன்கு காய்ந்தபின் எரிக்க வேண்டும்.
முருங்கை, கல்யாண முருங்கை, இலவம்: சட்டென எரிந்து சாம்பலாகும், ஈரத்தை அதிகம் பிடிக்கும்.
தென்னை மட்டை, பாளை, சிரட்டை: தீ மூட்டவும் விரைந்து சமைக்கவும் உதவும். சிரட்டை மட்டும் கெட்டியானது, நல்ல கரியும் தரும்.

செயல்பாடு 3: விறகுக்குள் எவ்வளவு நீர்?

ஈரப்பத விழுக்காடு = (ஈர எடை − உலர் எடை) ÷ ஈர எடை × 100.

புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் ஏறத்தாழ பாதி நீராகவே இருக்கக்கூடும். நன்கு காய்ந்த விறகில் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஈரம் 40 விழுக்காடு உள்ள ஒரு கிலோ விறகை எடுத்துக்கொள்வோம். அதில் 400 கிராம் நீர், 600 கிராம் மரம். கிராமுக்கு 18 கிலோஜூல் என்று கொண்டால் மரம் தருவது 10,800 கிலோஜூல். ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவர 0.29 கிலோஜூலும், ஆவியாக்க 2.26 கிலோஜூலும் வேண்டும். 400 கிராமுக்கு மொத்தம் சுமார் 1,020 கிலோஜூல். மீதி 9,780.

ஈரம் 15 விழுக்காடு உள்ள ஒரு கிலோ விறகில் 850 கிராம் மரம் 15,300 கிலோஜூல் தரும். 150 கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 380 போனால் மீதி 14,920. அதாவது ஒரே விலைக்கு வாங்கிய ஈர விறகு, காய்ந்த விறகின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தருகிறது. இழப்பில் பெரும்பகுதி, விறகு என்று நினைத்து நாம் விலை கொடுத்து வாங்கிய தண்ணீர். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டு ஒரு மாத இழப்பைக் கணக்கிடட்டும்.

புகை என்பது எரியாத எரிபொருள்

மேற்கண்ட கணக்கில் வராத இழப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் கண்ணைச் சிவக்க வைத்தது.

விறகு சூடாகும்போது முதலில் நீர் வெளியேறும். பிறகு மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளிவரும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வாயுவாகிறது. அந்த வாயு எரிவதே சுடர். இறுதியில் எஞ்சுவது கரி. அது கங்காகக் கனலும். ஈர விறகில், நீர் வெளியேறும்வரை அடுப்பின் வெப்பம் உயராது. வெளிவரும் வாயு எரிவதற்குப் போதிய வெப்பம் இல்லாமல் புகையாகவே போய்விடுகிறது.

இதை ஆசிரியர் மெழுகுவத்தியால் செய்து காட்டலாம். நன்கு எரியும் மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் வெண்புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியைத் தொடாமல், சற்று மேலே அந்தப் புகையில் பிடித்தால் தீ தாவி இறங்கித் திரியைப் பற்றவைக்கும். புகை என்பது எரியாத எரிபொருள் என்பதை மாணவர்கள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். பானையின் அடியில் படியும் கரியும் அதுவே. நுரையீரலில் படிவதும் அதுவே. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே அதிக நேரம் இருக்கும் பெண்களுக்கும், தாயின் அருகிலேயே இருக்கும் சிறு குழந்தைகளுக்கும் பாதிப்பு அதிகம்.

செயல்பாடு 4: அடுக்கும் முறை, ஒரு நியாயமான சோதனை

ஒரே கிளையிலிருந்து ஒரே நீளத்தில் மூன்று துண்டுகள் எடுங்கள். முதலாவது பட்டையுடன், பிளக்காதது. இரண்டாவது நான்காகப் பிளந்தது. மூன்றாவது, அதேபோல் பிளந்து பாலித்தீன் தாளில் முழுவதும் சுற்றியது. மூன்றையும் மழை படாத, காற்றாடும் தாழ்வாரத்தில் செங்கல்மேல் வையுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை போட்டு வரைபடத்தாளில் குறிக்க வேண்டும். கோடு கிடையாக மாறும்போது விறகு அந்த இடத்தின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போதும் சிறிதளவு ஈரம் உள்ளே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் தாழ்வாரத்தில் பிளந்த துண்டு விரைந்து இளைத்தது. பட்டையுடன் இருந்தது மெல்ல இளைத்தது. தாளில் சுற்றியதன் உட்புறம் வியர்த்து, பூஞ்சணமும் பூத்தது. மழைக்கு நல்லது என்று விறகைத் தார்ப்பாயால் நான்கு பக்கமும் இறுக மூடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சோதனையிலிருந்து மாணவர்களே விதிகளை எழுதட்டும். எங்கள் மாணவர்கள் எழுதியவை:

1. குட்டையாக வெட்டு, உடனே பிள. நீர் மரத்தின் குறுக்கே செல்வதைவிட நாரின் நீளவாக்கில் பல மடங்கு விரைவாக வெளியேறும். பட்டை அதைத் தடுக்கும்.
2. தரையில் போடாதே. செங்கல் அல்லது கல் வைத்து, அதன்மேல் அடுக்கு. ஈரமும் கரையானும் தரையிலிருந்தே ஏறும்.
3. ஒரு வரிசை நெடுக்காக, மறு வரிசை குறுக்காக அடுக்கு. நடுவே காற்று போகட்டும்.
4. மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடு.
5. தை மாதமே அடுக்கத் தொடங்கு. ஐப்பசி மழைக்கு முன் காய்ந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் பெறும் கன்னியாகுமரி, நீலகிரி போன்ற மாவட்டங்களில் அதற்கு முன்பே காய வேண்டும்.
6. பழையதை முதலில் எடு. அடியில் கிடந்தே உளுத்துப்போக விடாதே.
7. நாளைக்கு வேண்டியதை இன்றிரவே வீட்டுக்குள் எடுத்து வை. ஆனால் எரியும் அடுப்புக்கு அருகில் வைக்காதே.

பாதுகாப்பு: ஆசிரியர் கட்டாயம் சொல்ல வேண்டியவை

அரளி, திருகுகள்ளி, எருக்கு போன்ற பால் வடியும், நச்சுள்ள செடிகளை எரிக்கக்கூடாது. அரளிப் புகையும் நஞ்சே. பிச்சாவரம் போன்ற கழிமுகப் பகுதிகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். அதன் புகையும் ஆகாது. வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, மருந்து ஏற்றிய மரம் ஆகியவை நச்சுப் புகை தரும். ஈர விறகைப் பற்றவைக்கப் பாலித்தீன் பையைக் கொளுத்துவதும், எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஆபத்து. இந்தப் பழக்கங்களுக்குக் காரணமே ஈர விறகுதான் என்பதையும் இணைத்துச் சொல்லுங்கள். மூடிய அறையில் குளிருக்காகக் கரி மூட்டக்கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

விறகுக் குவியலில் பாம்பு, தேள், பூரான் தங்கும். குச்சியால் தட்டிவிட்டு, வெளிச்சத்தில், காலணி அணிந்து எடுக்கப் பழக்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கோடரி, கத்தி, தீ தொடர்பான எதையும் மாணவர்களிடம் தரக்கூடாது. தீச் சோதனையின்போது மணல் வாளியும் நீர் வாளியும் அருகில் இருக்கட்டும்.

இன்னொன்று. எந்த வீட்டில் விறகடுப்பு, எந்த வீட்டில் எரிவாயு என்று வகுப்பில் கையுயர்த்தச் சொல்லாதீர்கள். கணக்கெடுப்பு தேவையென்றால் பெயரில்லாத துண்டுச்சீட்டு போதும்.

பிற பாடங்களும் தொடக்க வகுப்புகளும்

சமூக அறிவியலில் சீமைக்கருவை ஒரு நல்ல விவாதப் பொருள். மத்திய, தென் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இம்மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. கண்மாயையும் மேய்ச்சல் நிலத்தையும் அது பிடித்துக்கொண்டது. அதே மரம்தான் வறண்ட மாவட்டங்களில் அடுப்புக்கும் கூலிக்கும் வழி செய்தது. அதை முற்றாக அழித்தால் அந்த அடுப்புகளுக்கு எது? அந்தக் கைகளுக்கு வேலை எது? மாணவர்கள் இரு பக்கமும் பேசட்டும்.

தமிழ்ப் பாடத்தில் சுள்ளி, விறகு, சிராய், மிலார், கங்கு, தணல், கொள்ளி, கரி, சாம்பல் போன்ற சொற்களுக்கு வட்டார வழக்கைத் தொகுக்கலாம். தொடக்க வகுப்பில் அடர்த்தியும் வெப்பமும் வேண்டாம். மிதக்கும், மூழ்கும் என்று வகைப்படுத்துதல், இலையையும் பட்டையையும் தாளில் தேய்த்து அச்செடுத்தல், கண்ணை மூடி ஓசையால் கட்டையைக் கண்டுபிடித்தல் போன்ற விளையாட்டுகள் போதும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. இலவம் ஏன் வன்கட்டை எனப்படுகிறது? அது ஏன் நல்ல விறகு அல்ல?
2. 750 கிராம் எடையுள்ள விறகு காய்ந்தபின் 525 கிராம் ஆனது. இழந்த நீர், தொடக்க எடையில் எத்தனை விழுக்காடு?
3. காய்ந்த கட்டையின் முனையில் கீறல்கள் ஆரம்போல் அமைவது ஏன்?
4. உங்கள் வீட்டு விறகு அடுக்கை வரைந்து, மாற்ற வேண்டிய ஒன்றைக் காரணத்துடன் குறிப்பிடுக.

நான்காவது வினாவுக்கு அந்த மாணவி வரைந்து வந்த படத்தில், வீட்டுப் பின்சுவரோடு ஒட்டி மண்ணில் கிடந்த விறகு இருந்தது. பக்கத்தில் அவள் எழுதியது ஒரே வரி: "ஆறு செங்கல் வேணும்." பள்ளிக் கழிப்பறைக் கட்டட வேலையில் மிஞ்சிய உடைகற்கள் மைதான ஓரத்தில் கிடந்தன. மாலையில் தம்பியோடு வந்து எடுத்துப் போனாள். அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அவள் ஒன்பதாம் வகுப்பு. தாமதமாக வந்த நாள்கள் உண்டு, பேருந்து வராததால்.

தை பிறக்கும்போது உங்கள் பள்ளியிலும் மூன்று துண்டு விறகைத் தாழ்வாரத்தில் வைத்துத் தொடங்குங்கள். எடை போடுவதற்குக் கடைசி வரிசையிலிருந்து ஒருவரை அழையுங்கள்.